பக்கத்து வீட்டு ஓடு வேறு, நம் வீட்டு ஓடு வேறு



நம் நாட்டில் 1970, 1980ஆம் ஆண்டுகளில் எழுந்த தாமான்களில் வரிசை வீடுகளே அதிகம். கட்டியபோது வரிசை முழுவதற்கும் ஒரே கூரை, ஒரே ஓடு. இன்று அதே வரிசையில் ஒரு வீட்டில் பழைய களிமண் ஓடு, அடுத்த வீட்டில் சிமெண்டு ஓடு, அதற்கும் அடுத்ததில் நீலத் தகடு. எல்லையில் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி பெரும்பாலும் பழைய கூரையைப் பிரித்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் மழை வந்துவிடும்.

ஓடுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதற்கு அவற்றின் விளிம்பில் உள்ள பள்ளமும் மேடும் பொருந்த வேண்டும். சிமெண்டு ஓடு சுமார் 420 மில்லிமீட்டர் நீளம், 330 மில்லிமீட்டர் அகலம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 ஓடுகள் போதும். பழைய களிமண் ஓடு அதைவிடச் சிறியது. அதே இடத்துக்கு 15 வரை தேவைப்படலாம். ஓடு மாறினால் அதைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளின் இடைவெளியும் மாறும். ஆகவே இரண்டையும் நேரடியாகக் கோக்க முடியாது.

இதற்குச் சில குத்தகையாளர்கள் காட்டும் வழி, நடுவில் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிடுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்! பகல் வெயிலில் ஓடும் தகடும் விரிகின்றன. மாலை மழையில் சட்டென்று சுருங்குகின்றன. அந்த அசைவுக்குச் சிமெண்டு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் மரத்தின் வழியே ஓடி, எங்கோ தள்ளி, பல வேளைகளில் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் சொட்டும். பெருநாள் பலகாரம் கொடுத்து வாங்கிய இரு வீட்டார் பேசாமல் போவதற்கு அந்த ஒரு சொட்டு போதும்.

சரியான வழி, பொதுச் சுவரைக் கூரைக்கு மேல் உயர்த்துவதுதான். 1984ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், பொதுச் சுவர் கூரையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 225 மில்லிமீட்டர் எழ வேண்டும் என்கின்றன. தீ தாவாமல் இருப்பதற்கும் அது உதவும். சில பழைய வீடுகளில் சுவர் சீலிங்கோடு நின்றிருக்கும். கூரையைப் பிரிக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். சுவரின் இரு பக்கமும் உலோகத் தகட்டை மடித்து, மேல் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி அடைக்க வேண்டும். வெறுமனே சுவரில் ஒட்டிய தகடு நாளடைவில் வாய் பிளக்கும்.

சுவரை உயர்த்த முடியாத நிலையில், கூரை முகட்டிலிருந்து இறவாரம் வரை எல்லைக் கோட்டில் ஒரு தகட்டுக் கால்வாய் பதிக்கலாம். இருபுற ஓடுகளும் அதன் விளிம்புக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். நடுவே இடைவெளி திறந்திருக்க வேண்டும். இலைகள் அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி உள்ளே இறங்கும் என்பதால், ஆண்டு இறுதி அடைமழைக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்வது அவசியம். எப்படிச் செய்தாலும், உங்கள் கூரைத் தண்ணீர் அடுத்தவர் கூரையில் விழக்கூடாது.

பக்கத்து வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால், அதை அறுக்கவோ துளையிடவோ விடாதீர்கள். அதன் தூசு புற்றுநோய் உண்டாக்கும்.

வேலைக்கு முன் நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். பல இடங்களில் அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதமும் கேட்கிறார்கள். கடிதம் கேட்காத இடத்திலும் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. எல்லை ஓரத்தில் அவருடைய ஓடுகள் சில உடையத்தான் செய்யும். அந்த அச்சு இப்போது கடையில் கிடைக்காமல் போகலாம். ஆகவே உங்கள் கூரையிலிருந்து கழற்றிய பழைய ஓடுகளில் நல்லதாக இருபது முப்பது எடுத்து வையுங்கள். அவர் வீட்டுச் சீலிங்கில் ஏற்கெனவே கறை இருக்கிறதா என்று அவருடன் சேர்ந்து பார்த்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும், சீலிங்கை மூடும் முன்பே, ரப்பர் குழாயால் இணைப்பின் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழிருந்து மேலாக, அரை மணி நேரம். உள்ளே இரு வீட்டிலும் ஒருவர் விளக்குடன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குத்தகையாளருக்குக் கடைசித் தவணைப் பணத்தை அதன் பிறகு கொடுத்தால் போதும்.