பத்து மணிக்கு இறங்கினால் பன்னிரண்டரை விமானத்தைப் பிடிக்கலாமா?



வெளிநாட்டு விமானத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இரண்டு, இரண்டரை மணி நேரம் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நம்மவர்கள் அடிக்கடி போகும் ஒரு வழியை வைத்தே பார்த்துவிடுவோம். கோலாலம்பூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தூத்துக்குடி.

கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. மறுநாள் விடியற்காலையில் பாட்டியின் தம்பி பேத்திக்கு ஊரில் முகூர்த்தம். சென்னையில் விமானம் இறங்குவது காலை 10.00 மணிக்கு. தூத்துக்குடி விமானம் 12.30க்கு. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். டிக்கெட்டுகளும் மலிவாகக் கிடைத்தபோது தனித்தனியாக இணையத்தில் வாங்கியவை.

கையில் இரண்டரை மணி நேரம் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்போம். ஆனால் 12.30 என்பது விமானம் கிளம்பும் நேரம். பெட்டியை ஒப்படைக்கும் முகப்பிடம் பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்பட்டு விடும். ஆகவே 11.30க்கு அந்த முகப்பிடத்தின் முன் நிற்க வேண்டும். இரண்டரை மணி நேரம் இப்போது ஒன்றரை மணி நேரமாகி விட்டது.

சரி, 10.00 மணியிலிருந்து வருவோம். அது விமானம் வந்து நிற்கும் நேரம். கதவு திறந்து, முன்னால் இருப்பவர்கள் பெட்டிகளை இறக்கி, முப்பதாவது வரிசையில் இருக்கும் நம் குடும்பம் வெளியே வர 20 நிமிடம் போகும். அடுத்தது குடிநுழைவுச் சோதனை. நமக்கு என்னதான் பூர்வீகம் என்றாலும், மலேசியக் கடப்பிதழோடு போனால் அங்கே நாம் வெளிநாட்டவர். இ-விசாவில் போனால் விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் எடுப்பார்கள். தோட்டத்தில் பல வருடம் பால்மரம் வெட்டித் தேய்ந்த விரல் பாட்டியுடையது. இயந்திரம் ஒரே தடவையில் ஒப்புக்கொள்ளுமா? அதே நேரத்தில் வேறு இரண்டு நாட்டு விமானங்களும் இறங்கியிருந்தால் வரிசை முக்கால் மணி நேரம் நீளும். மணி 11.05.

பெட்டிகளையும் இங்கேயே எடுத்தாக வேண்டும். இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடப்பதுதான் பொதுவான நடைமுறை. (சுங்கம், நகை விவகாரமெல்லாம் இன்னொரு நாளைக்குப் பேச வேண்டிய கதை.) அதன் பிறகு வெளியே வந்து வேறு முனையத்துக்குப் போக வேண்டும். சென்னையில் வெளிநாட்டு விமானங்களுக்கு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய கட்டடம். அது இரண்டாம் முனையம். உள்நாட்டு விமானங்களுக்கு ஒன்றும் நான்கும். ஒரே வளாகம்தான் என்றாலும் வாசலில் காவலர்கள் டிக்கெட்டையும் கடப்பிதழையும் ஒவ்வொருவருக்கும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

முகப்பிடத்தை அடையும்போது மணி 11.40. விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் முகப்பிடம் மூடியாகி விட்டது.

மூடாமல் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். சொந்தக்காரர்களுக்கு மைலோ, பிஸ்கட் டின், துணிமணி என்று 25 கிலோ கட்டிக்கொண்டு போகும் பெட்டிக்கு மிச்ச எடைக்குப் பணம் கட்ட இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும்.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவற விட்டால் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. விமான நிலையத்துக்கு விமான நிலையம் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவாக அவர்களே விற்க மாட்டார்கள். தனித்தனி டிக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். நம் நாட்டில் 2016 முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும், 5 மணி நேரத்துக்கு மேல் போனால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் அது தாமதமான அந்த விமானத்துக்கு மட்டும்தான். வேறு நிறுவனத்தில் நாம் தனியாக வாங்கிய டிக்கெட்டுக்கு அது பதில் சொல்லாது. மிச்சப்படுத்திய இருநூறு வெள்ளி எங்கே போனது என்று அப்போது தெரியும்.

நம்மவர்கள் அதிகம் போவதோ டிசம்பரிலும் பொங்கலுக்கும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து, இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

என் கருத்தைக் கேட்டால், தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். அந்த நாளின் கடைசி விமானத்தை மட்டும் நம்பாதீர்கள். கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பாட்டிக்கு நடக்க முடியவில்லை என்றால் சக்கர நாற்காலியை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். இறங்கிய பிறகு கேட்டால் அதற்கும் காத்திருக்க வேண்டும்.

துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகப் போகும் வாய்ப்பே கிடையாது. அங்கே மாலைக்குள் எடுத்து விடுவார்கள் என்ற பதற்றம்தான் கிடைத்த டிக்கெட்டை வாங்க வைக்கிறது. அவர்கள் முதலில் திருச்சி நேரடி விமானத்தைப் பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் எவ்வளவோ அருகில். இடையில் இன்னொரு முகப்பிடம் இல்லாததே பெரிய நிம்மதி.

சென்னையில் விமானம் தவறியே விட்டது என்றால், எழும்பூருக்கு ஓட வேண்டாம். தெற்கே போகும் இரவு ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கும். விமான நிலையத்திலிருந்து அதுதான் பக்கம். பேருந்துக்குக் கோயம்பேடு என்று டாக்சிக்காரரிடம் சொல்லி விடாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

திரும்பி வரும்போது பினாங்கு, ஜொகூர் போகிறவர்கள் கேஎல்ஐஏவில் எந்த முனையத்தில் இறங்குகிறோம், எந்த முனையத்தில் ஏறுகிறோம் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். முதலாம் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் நடந்து போக முடியாது. ரயிலில் மூன்று நிமிடம்தான். ஆனால் பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு இறங்கி, ரயில் வரக் காத்திருந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறி முகப்பிடத்தைத் தேடுவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும்.