கோடை விடுமுறையில் ஆசிரியர் மாணவராதல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசியவர்கள் கம்பனையும் வள்ளுவனையும் பற்றி அழகுறப் பேசி அமர்ந்தனர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, போபால் இரயில்வே கோட்ட அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலங் கழிக்கும் குமாஸ்தா. "உமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் கட்டளையிட்டார். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, மே மாதத்தில் தெற்கே செல்லும் வண்டிகளின் நெரிசல். மற்றொன்று, நான் படித்த நடுநிலைப் பள்ளி. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பொருள் இருக்கக் கண்டு, அதனையே பேசத் துணிந்தேன்.

மே மாதம் பிறந்தால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் கால் வைக்க இடமிராது. நம்மவர் அனைவரும் ஊர் நோக்கிப் புறப்பட்டுவிடுவர். அவருள் ஆசிரியர்களும் ஆசிரியைகளும் பலர். ஆண்டு முழுதும் தொண்டை வற்றக் கத்தியவர்கள் இரண்டு மாதம் தாய்வீடு சென்று இளைப்பாறுவதில் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆயினும், அவ்விடுமுறையில் ஒரு பகுதியைப் பல்கலைக் கழக விஞ்ஞானிகளோடு கழித்து, தாமே மாணவராகி மீண்ட ஆசிரியர் சிலர் உண்டு. அவர்களைப் பற்றியதே என் பேச்சு.

நான் பிறந்து வளர்ந்தது இட்டார்சியில். என் தந்தையார் அங்கே தண்டவாளம் பார்க்கும் கீமேனாக இருந்தார். இட்டார்சி அடங்கிய மாவட்டம் இன்று நர்மதாபுரம் எனப்படுகிறது, அன்று ஹோஷங்காபாத். அம்மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமுறை விஞ்ஞானக் கல்வி தொடங்கியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அனில் சத்கோபால் என்னும் விஞ்ஞானி, நகர வாழ்வை விட்டு வந்து கிராமத்தில் நிறுவிய 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் அதனைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்கள் விரைவிலேயே வந்து சேர்ந்தனர். 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 1982 முதல் 'ஏகலவ்யா' என்னும் நிறுவனம் பொறுப்பேற்றது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1991இல்.

அத்திட்டத்தின் உயிர் எங்கிருந்தது தெரியுமா? பாடப் புத்தகத்தில் அன்று, கோடை முகாமில். ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஒவ்வொரு வகுப்பின் பாடத்திற்கும் ஆசிரியர் மூன்று வாரம் பயிற்சி பெற வேண்டும். அங்கே விரிவுரை கிடையாது. ஆசிரியர்கள் நால்வர் நால்வராகத் தரையில் அமர்ந்து, பின்னர்க் குழந்தைகள் எவற்றைச் செய்யப்போகிறார்களோ அச்சோதனைகளைத் தாமே செய்து பார்ப்பர். சோதனை பொய்த்துப் போகும், மறுபடி செய்வர். பக்கத்துக் குழுவோடு வாதிடுவர். பல்கலைக் கழகப் பேராசிரியர் அருகே அமர்ந்து, விடை சொல்லாமல் மேலும் ஒரு கேள்வி கேட்பார். பள்ளி திறந்த பிறகும் மாதந்தோறும் ஆசிரியர் கூடிப் பேச ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மையம் இருந்தது. அதற்குப் பெயர் 'சங்கம் கேந்திரம்'. நம் சொல் நர்மதை நதிக்கரையில் அப்படியொரு நற்பணிக்குப் பயன்பட்டதை இம்மேடையில் சொல்லாமல் போனால் தகாது!

எங்கள் விஞ்ஞான ஆசிரியரை மாஸ்டர்ஜி என்றே அழைப்போம். அவர் மே மாதம் பெட்டியும் படுக்கையுமாக முகாமுக்குச் செல்வதைக் கண்டு என் தந்தையார் நகைப்பார். "வாத்தியாரே பள்ளிக்கூடம் போகிறாராம்! அப்படியானால் இத்தனை நாள் தெரியாமலா சொல்லிக் கொடுத்தார்?" என்பார். அக்கால்வாசித் தெருவில் அனைவர் கருத்தும் அதுவே.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள், கரும்பலகையின் நீளத்தை அளக்கச் சொன்னார் மாஸ்டர்ஜி. நான்கு குழுக்கள் அளந்தோம். நான்கு விடைகள் வந்தன. எது சரி என்று கேட்டோம். அவர் நான்கையும் பலகையில் எழுதிவிட்டு, "முகாமில் எங்களுக்கும் இப்படித்தான் வந்தது. டில்லியிலிருந்து வந்த பேராசிரியர் அளந்ததும் எங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று நீங்கள் கண்டுபிடியுங்கள்" என்றார். ஓர் ஆசிரியர் தமக்கு நேர்ந்த தடுமாற்றத்தைப் பதினொரு வயதுச் சிறுவர் முன் வெட்கமின்றிக் கூறியதை அன்றுதான் முதன்முதல் கண்டேன். அளவுகோலின் முனை தேய்ந்திருந்ததையும், கண்ணைச் சாய்த்துப் பார்த்ததையும், கோலை எடுத்து வைத்த இடம் பிசகியதையும் நாங்களே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து இதனைச் சொன்னபோது என் தந்தையார் நகைக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, "அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்று விதி. நான் கேஜ் வைத்துப் பார்க்கும் இடமெல்லாம் அப்படியேவா இருக்கிறது? சில மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். எவ்வளவு வரை விடலாம் என்று தெரிந்தவனே கீமேன். உங்கள் வாத்தியார் சரியான ஆள்" என்றார். அன்று முதல் மாஸ்டர்ஜி முகாமுக்குச் செல்லும் நாளில் அவரது பெட்டியை நிலையத்திற்குத் தூக்கிச் சென்றவர் என் தந்தையார்தாம்.

இனி, கடல் கடந்த ஒரு செய்தி. அமெரிக்க நாட்டில் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை என்னும் அரசு நிறுவனம் 1953இல் கல்லூரி ஆசிரியர்களுக்கும், அடுத்த ஆண்டு முதல் பள்ளி ஆசிரியர்களுக்கும் கோடைக்கால வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அந்நாட்டவர் திடுக்கிட்டு, அவ்வகுப்புகளைப் பெருக்கினர். ஆனால் அவை பெரும்பாலும் பாடங் கேட்கும் வகுப்புகளே. ஆசிரியரை ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே அழைத்துச் சென்று வேலை வாங்கும் வழக்கம் பின்னர் வந்தது.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில், சாமுவேல் சில்வர்ஸ்டீன் என்ற உடலியல் பேராசிரியர் 1990இல் ஒரு திட்டம் தொடங்கினார். பள்ளி விஞ்ஞான ஆசிரியர் அடுத்தடுத்த இரு கோடைகளில், கோடைக்கு எட்டு வாரமாக, ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பணி செய்ய வேண்டியிருந்தது. வேடிக்கை பார்ப்பதற்கன்று, அங்கு உண்மையாக நடக்கும் ஆராய்ச்சியில் ஒரு பங்கை ஏற்றுச் செய்வதற்கு. வாரத்தில் ஒரு நாள் ஆசிரியர் அனைவரும் ஒன்றுகூடி, தாம் கற்றதை வகுப்பறைக்கு எவ்வாறு கொண்டு செல்வது என ஆராய்ந்தனர். அவ்வாரங்களுக்கு ஊதியமும், பள்ளிக்குப் பொருள் வாங்கச் சிறு தொகையும் வழங்கப்பட்டன. விடுமுறையில் டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்தும் ஆசிரியரை வெறுங்கையோடு அழைத்தால் வருவாரா? இதனை உணர்ந்து செய்தனர் பாருங்கள்!

இதனால் மாணவர்க்கு நன்மை விளைந்ததா என்று அவர்கள் கணக்கெடுத்தனர். 2009 அக்டோபரில் 'சயன்ஸ்' என்னும் இதழில் வெளியிட்டனர். கணக்கு என்றால் குமாஸ்தாவுக்கு ஓர் ஈர்ப்பு உண்டல்லவா. ஆதலின் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர் திட்டத்தில் சேர்வதற்கு முந்திய ஆண்டில், சேர்ந்தவரின் மாணவரும் சேராதவரின் மாணவரும் மாநில விஞ்ஞானத் தேர்வில் ஒரே விகிதத்தில்தான் தேறினர். சேர்ந்த பின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில், சேர்ந்தவரின் மாணவர் தேறிய விகிதம் மற்றவரைக் காட்டிலும் 10.1 சதவீதம் மிகுதியாயிற்று. ஆசிரியர் வேலையை விட்டு விலகுவதும் குறைந்தது. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் பள்ளிகளுக்கு 1.14 டாலர் மிச்சம் என்றும் கணித்தனர். ஒரு நகரத்தில் ஒரு திட்டத்தைப் பற்றிய கணக்கே இது. தாமாக முன்வந்தவர் இயல்பிலேயே ஊக்கமுடையவர் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அவ்வூக்கம் முந்திய ஆண்டிலும் இருந்திருக்குமே. அன்று மாணவரிடம் வேறுபாடு காணவில்லையே என்பதுதான் எனக்குத் தோன்றும் விடை.

அந்நாட்டு அறக்கட்டளையின் பொறியியல் பிரிவும் 2001 முதல் இவ்வகைத் திட்டங்களுக்குப் பொருளுதவி செய்தது. பெரும்பாலும் ஆறு வாரம். கூடம் ஒன்றுக்குச் சில ஆசிரியர். ஐரோப்பாவில் ஜெனிவா அருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையமும் 1998 முதல் பல நாட்டுப் பள்ளி ஆசிரியர்களை ஜூலையில் மூன்று வாரம் அழைத்து வந்தது.

நம் நாடு இவற்றிற்குப் பின்தங்கியதன்று. 1963இலேயே பல்கலைக் கழக மானியக் குழு முதலியோர் அமெரிக்க உதவியோடு ஆசிரியர்க்குக் கோடைக்கால நிலையங்களைத் தொடங்கினர். பௌதிக விஞ்ஞானி கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதம் பயிற்சி பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோ ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. ஐம்பது மணியைத் திரை முன் அமர்ந்து கழித்துச் சான்றிதழ் பெற்றுவிடலாம். அளவுகோலின் முனை தேய்ந்திருப்பதைத் திரை காட்டுமா என்பது என் ஐயம்.

கொலம்பியாவையும் ஹோஷங்காபாத்தையும் ஒப்பிட்டு நான் எண்ணியதுண்டு. அங்கே ஆசிரியர் விஞ்ஞானியிடம் சென்றார்; இங்கே விஞ்ஞானி ஆசிரியரிடம் வந்தார், அதுவும் மே மாத நர்மதைக் கரை வெயிலில். பணமும் கருவியும் அவர்களிடம் மிகுதி. எளிய பள்ளிகளைப் பெருந்தொகையாக எட்டியது நம்முடையது. ஆனால் அவர்கள் கணக்கெடுத்து வைத்துக்கொண்டனர். கேட்பவர்க்கு எண்ணைக் காட்ட முடிந்தது. நம்மிடம் கேட்டபோது, "என் பிள்ளை கேள்வி கேட்கிறான்" என்பதற்கு மேல் பெற்றோரால் என்ன சொல்ல முடிந்தது?

ஏனெனில், நம்மிடம் கேட்டனர். மனப்பாடம் இல்லாத, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வினால் பிள்ளைகள் பின்தங்குவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முப்பதாண்டு நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறொரு பள்ளி சென்றபோது, கேள்வி கேட்டதற்காக நான் பெஞ்சின் மேல் நின்றேன். விடைகளை உருப்போடும் பழக்கம் எனக்கு வரவில்லை. பத்தாவது தேறியதே பெரும்பாடு. ஆனால் அது மாஸ்டர்ஜியின் பிழையன்று. எட்டோடு நின்ற கதவின் பிழை.

அன்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை என்றே கொள்ளுங்கள். 2001இல் என் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். அதன் பயனாக எனக்கு இரயில்வேயில் வேலை கிடைத்தது. மறு ஆண்டு ஒரு மாலை மாஸ்டர்ஜி எங்கள் குடியிருப்புக்கு வந்தார். கையில் ஒரு தாள். திட்டத்தை நிறுத்த வேண்டாமென அரசுக்கு எழுதிய விண்ணப்பம். பழைய மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் புதிதாக அரசுப் பணியில் சேர்ந்தவன். அரசின் முடிவுக்கு எதிராகக் கையெழுத்திட்டால் ஏதேனும் நேருமோ என்று அஞ்சினேன். "யோசித்து நாளை சொல்கிறேன், மாஸ்டர்ஜி" என்றேன். அவர் என் தாயார் கொடுத்த தேநீரை அருந்திவிட்டு, தந்தையாரின் படத்தைச் சற்று நேரம் நோக்கிவிட்டுச் சென்றார். மறுநாள் நான் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தால் அரசின் முடிவு மாறியிராது என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு ஆண்டுகளாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு இட்டார்சி சென்றபோது அவரைக் கண்டேன். ஓய்வு பெற்று, கண் மங்கி, திண்ணையில் அமர்ந்திருந்தார். என் மகள் உடன் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு மாணவி. "உன் பள்ளியில் ஆய்வுக்கூடம் உண்டா?" என்று கேட்டார். "உண்டு, தாத்தாஜி; பூட்டியிருக்கும். விருந்தினர் வந்தால் திறப்பார்கள்" என்றாள். அவர் சிரித்தார். தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆதலின் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இந்நகரில் 2008இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் தமிழ்ப் பேராசிரியர்களும் உளர். பொங்கல் விழாவிற்கு அழைத்தால் வருகிறார்கள். அவர்களைப் பொங்கலுக்கு மட்டுமே அழைப்பானேன்? நம் குழந்தைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து இரண்டே இரண்டு விஞ்ஞான ஆசிரியரை, எம்மொழியினராயினும் சரி, வரும் கோடையில் ஆறு வாரம் தம் ஆராய்ச்சிக் கூடத்தில் ஏற்றுக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்போம். ஆசிரியர் இருவர்க்கும் ஆறு வாரத்துக்குரிய தொகையை இம்மலரின் விளம்பர வருவாயிலிருந்து ஒதுக்குவோம். மே, ஜூன் மாதங்களில் பூட்டிக் கிடக்கும் இம்மன்றத்தை வாரம் ஒரு நாள் அவர்கள் கூடிப் பேசத் திறந்துவிடுவோம். மூன்றாண்டு கழித்து மாணவர் மதிப்பெண்களைக் கணக்கெடுத்து வைக்கும் வேலையை நான் ஏற்கிறேன், அதற்குக் கட்டணமில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாயிலருகே மேஜை மீது இவ்வேண்டுகோள் எழுதிய தாள் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது.