நோய் முற்றும் முன் நாம் முந்துவோம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

புற்றுநோய் என்னும் சொல்லை உரக்க உச்சரிக்கவும் அஞ்சும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அச்சம் நம் வாயை அடைக்குமேயன்றி நோயைத் தடுக்காது. ஆகவே இன்று அதனை வெளிப்படையாகவே பேச விழைகின்றோம்.

நம் மாநிலத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில், 2000 முதல் 2003 வரை, 30 வயது முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இவ்வாய்வில் பங்கேற்றது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பைவாயில் தடவிப் பார்த்தனர். கோளாறுள்ள இடம் சில நிமிடங்களில் வெண்மையாகத் தெரியும். புற்றாக மாறாத நிலையிலேயே அதனை உறைய வைத்து அகற்றினர்.

2007-இல் முடிவு வெளியாயிற்று. அழைக்கப்படாத பகுதிகளை நோக்க, அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. பெரும் இயந்திரம் எதுவும் இன்றி, செவிலியரின் கைகளாலேயே இது நிகழ்ந்தது!

ஆயினும், அழைப்புப் பெற்றவர்களில் ஏறத்தாழ 18,000 பேர் பரிசோதனைக்கு வரவேயில்லை. நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நம் அண்டை மாவட்டமான இராணிப்பேட்டை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் 2023 நவம்பரில் தமிழக அரசு, மக்களை அழைத்துப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு அழைக்கலாம், புறப்பட்டுச் செல்ல வேண்டியவர்கள் நாமே.

நம் தாய்மார்கள் ஏன் தயங்குகின்றனர்? கூச்சம் ஒரு காரணம்; வீட்டு வேலை மற்றொன்று; 'எனக்கு ஒன்றுமில்லையே' என்னும் எண்ணம் மூன்றாவது. ஆனால் மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கருப்பைவாய் நோயும் தொடக்கத்தில் அடையாளம் காட்டுவதில்லை. வலி வரும்வரை காத்திருப்போர், நோய் முற்றிய பின்னரே சென்னைக்கும் திருப்பதிக்கும் பேருந்து ஏறுகின்றனர். அப்போது செலவும் துயரும் பன்மடங்காகின்றன.

எனவே சிலவற்றை வேண்டுகின்றோம். 30 வயது கடந்த பெண்கள் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண் செவிலியரே பரிசோதிக்க வேண்டும் எனக் கேட்கத் தயங்காதீர்கள். புகையிலை, பான் பழக்கமுள்ள ஆண்கள் வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ கண்டால் உடனே காட்டுங்கள், அப்பழக்கத்தையும் விட்டொழியுங்கள். மறுபரிசோதனைக்கு அழைத்தால் தவறாது செல்லுங்கள். பாதியில் நின்ற பரிசோதனையால் பயனில்லை.

குடும்பத் தலைவர்களே! மனைவியையும் தாயையும் சகோதரியையும் 'போய் வா' என்று சொல்வதோடு நில்லாமல், உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாள் கூலியை இழப்பது, பின்னர் ஓர் உயிரை இழப்பதைவிட மிக எளிது.