தன்னார்வலர் என்னும் சொல்லுக்குப் பின்னால்

(தில்லி, சரோஜினி நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய வலிநீக்கி மருந்து நோயாளியைச் சென்றடையும் முன், நலமுள்ள மனிதர்களுக்குச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கப்படுகிறது. இதுவே முதல் கட்டச் சோதனை. இதுவின்றிப் புதிய மருந்து இல்லை. எனவே எதிர்ப்பு அறிவியலுக்கு அன்று. யாருடைய உடல், எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி.

2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில், வலி உள்ளிட்ட நோய்களுக்காகப் போர்ச்சுகலின் பியால் நிறுவனம் உருவாக்கிய மருந்து சோதிக்கப்பட்டது. பங்கேற்புக்கு 1,900 யூரோ. நாள்தோறும் 50 மில்லிகிராம் உட்கொண்ட ஆறு பேரில் ஒருவர் 10ஆம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை மற்ற ஐவருக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. முதலாமவர் 17ஆம் தேதி இறந்தார். ஐவரில் நால்வருக்கு நரம்புப் பாதிப்பு. சக பங்கேற்பாளரின் நிலையைத் தெரிவித்து மீண்டும் சம்மதம் பெறவில்லை என்று அரசு விசாரணையே ஆய்வு நிறுவனத்தைக் குறை கூறியது.

இந்தியாவின் நிலை என்ன? ஸ்வஸ்திய அதிகார் மஞ்ச் 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே மருந்தாய்வு விதிகள் இறுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு விதிகளின் சூத்திரப்படி, சோதனையால் நலமுள்ள தன்னார்வலர் இறந்தால், வயதுக்கேற்பச் சுமார் 32 லட்சம் முதல் 73.6 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ஆனால் மருந்துதான் காரணம் என்று அதிகார அமைப்பு முடிவு செய்ய 90 நாட்கள்; அதன்பின் நிறுவனம் பணம் செலுத்த 30 நாட்கள். 60 சதவீதத்தை 15 நாட்களில் முன்னதாகவே தர வேண்டும் என்ற வரைவு விதி, இறுதி வடிவில் காணாமற்போனது. அதே விதிகள் நிறுவனங்களுக்குக் காட்டும் அவசரம் வேறு: இந்தியாவில் கண்டறியப்பட்ட மருந்தின் சோதனை விண்ணப்பத்துக்கு 30 வேலை நாட்களில் பதில் வராவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். அரசின் மௌனம் முதலாளிக்குச் சம்மதம். இறந்தவர் குடும்பத்துக்கோ காத்திருப்பு.

சரோஜினி நகர்ச் சந்தையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி தன் உழைப்பை விற்கிறார். சோதனைக்கூடத்தில் படுப்பவர் தன் உடல்நலத்தையே பணயம் வைக்கிறார். வேலையின்மை துரத்தி வருபவரை ‘தன்னார்வலர்’ என்றழைப்பது, அவரது ஏழ்மையை விருப்பமாக மாற்றிக் காட்டும் தந்திரம்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. உடன் பங்கேற்பவருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தால், அடுத்த வேளை மருந்துக்கு முன் அனைவருக்கும் அவரவர் மொழியில் தெரிவிக்க வேண்டும். பாதியில் விலகினாலும் அதுவரைக்கான தொகையைக் குறைக்கக் கூடாது. இடைக்கால இழப்பீடு சட்டமாக வேண்டும். பதிலின்மையை அனுமதியாகக் கொள்ளும் விதி நீக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இம்மனிதர்களையும் தொழிலாளர்களாக ஏற்று, இக்கோரிக்கைகளைத் தம் பட்டியலில் சேர்க்க வேண்டும்.