சி.வி. வேலுப்பிள்ளை: நாம் அனுப்பிய எம்.பி.
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு எம்.பி. தோட்டத்துக்கு வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? கோயிலுக்குக் கூரைத் தகடு கேட்கிறோம். இளைஞர்களுக்குப் பந்தும் வலையும் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் எம்.பி.யின் முதல் வேலை அதுவல்ல. சட்டம் போடும் சபையில் நமக்காக உட்கார்ந்து பேசுவதும் வாக்களிப்பதும்தான் அவருடைய வேலை. அந்த இடத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை சி.வி. வேலுப்பிள்ளையின் வாழ்க்கை நமக்குச் சொல்லித் தருகிறது.

சி.வி. 1914இல் வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். பெரிய கங்காணி குடும்பம். அந்த வசதியோடு ஒதுங்கி இருந்திருக்கலாம். அவர் படித்து ஆசிரியரானார். பிறகு இலங்கை இந்தியன் காங்கிரஸோடு சேர்ந்து தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல். தேர்தலில் தெரிவான 95 உறுப்பினர்களில் காங்கிரஸின் 7 பேர் வென்றார்கள். தலவாக்கலையில் வென்றவர் சி.வி. கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டிமார் போட்ட வாக்கு அது.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். பிறப்பைப் பதியாத லயத்துச் சனம் எந்தக் கடதாசியைக் காட்டும்? காங்கிரஸ் எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள்; எண்ணிக்கை போதவில்லை. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கு பறிபோனது. தம்மை அனுப்பிய மக்களின் வாக்கு போவதை அந்தச் சபையில் இருந்தே பார்த்தவர்களில் சி.வி.யும் ஒருவர்.

1952இல் காங்கிரஸ் தலைவர்கள் கொழும்பில் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பறித்த வாக்கு திரும்பவில்லை. 1952 முதல் 1977 வரை தேர்தலில் வென்று மலையகத்திலிருந்து நம் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. அந்த இடைவெளியில்தான், 1964இல், நம்மைக் கேட்காமலே இரண்டு நாடுகள் நம்மைப் பங்கு போட்டுக்கொண்டன.

ஆசனம் போனதும் சி.வி. வீட்டில் உட்காரவில்லை. தொழிற்சங்க வேலையைத் தொடர்ந்தார். நம் துயரம் வெளி உலகத்துக்குத் தெரிய ஆங்கிலத்தில் எழுதினார். நம் சனம் பாடிய பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். பாராளுமன்றத்தில் நம் பெயர் இல்லாத காலத்தில், நமக்கும் ஒரு பேச்சும் பாட்டும் உண்டு என்று பதிந்து வைத்தார். 1984இல் காலமானார்.

இது பழைய கதைதானே என்று நினைக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நம் வாக்கில் சபை அமைந்தாலும் நம் பாதைக்கு அதன் காசு வராத நிலை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பிரிவைத் திருத்த முப்பது வருடம் போயிற்று. கூரைத் தகடு கொடுப்பவரும் வேண்டும். சட்டத்தைத் திருத்துபவர் அதைவிட வேண்டும்.

ஆகவே இன்று நாம் மூன்று காரியம் செய்வோம். முதலாவது, வாக்காளர் இடாப்புத் தயாரிக்கும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் போய் வீட்டிலுள்ள 18 வயது வந்த எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்போம். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் பெயரையும் கேட்டுப் பார்ப்போம். இரண்டாவது, அடுத்த முறை எம்.பி. வரும்போது காணி உறுதியைப் பற்றிச் சபையில் என்ன பேசினீர்கள், எதற்கு வாக்களித்தீர்கள் என்று மரியாதையோடு கேட்போம். மூன்றாவது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பத்திரமாக வைப்போம். அன்று கடதாசி இல்லாததும் நாம் நாடற்றவர் ஆக்கப்பட ஒரு காரணம்.

இடாப்புப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பாடசாலை விட்டதும் வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.