சாய்ந்து விழும் வெளிச்சம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கறுப்பு வெள்ளைப் புகைப்படம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எஞ்சினியர்தான், கேமரா ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஆகவே எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

நம் ஃபிட்டிங் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரின் படத்தை ஒர்க்‌ஷாப்பில் மாட்ட வேண்டும் என்று எங்கள் செட் முடிவு செய்தது. சார் வீட்டுக்குப் போய், கேமராவிலேயே இருந்த ஃபிளாஷைப் போட்டு எடுத்தேன். அவர் மகள் பார்த்துவிட்டு, "அப்பா மாதிரிதான் இருக்கு. ஆனா அப்பா இல்லையே" என்றார். உண்மைதான். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து வந்தால் நிழல் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சுருக்கம், இரண்டு நாள் தாடி, இரும்புத் துகள் தெறித்த கன்னத் தழும்பு எல்லாம் மாயம்! வண்ணப் படத்தில் நிறமாவது கைகொடுக்கும். கறுப்பு வெள்ளையில் தோலின் சொரசொரப்பைச் சொல்ல நிழலை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அப்போதுதான் முதலாண்டு ஞாபகம் வந்தது. ஃபைல் போட்ட ஜாப்பை நீட்டினால் சார் நேராகப் பார்க்கவே மாட்டார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். கணக்கு எளிது: பரப்போடு 45 டிகிரியில் விழும் ஒளியில் ஒரு மேட்டின் நிழல் அதன் உயரத்துக்குச் சமம், 10 டிகிரியில் ஐந்தரை மடங்குக்கும் மேல். 1957-இல் யூசுஃப் கார்ஷ் எடுத்த ஹெமிங்வே படத்தைப் பாருங்கள். தாடியையும் ஸ்வெட்டரின் பின்னலையும் விரலால் தடவலாம் போலிருக்கும்.

மறு வாரம் ஃபிளாஷை எடுத்துப் போகவில்லை. சாரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். மறுபக்கம் ஒரேயடியாகக் கரியாகிவிடாமல் இருக்க, அவருடைய வெள்ளை வேட்டியையே கொடியில் தொங்கவிட்டோம். கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பைத் தூக்கினால் தோல் வெளுத்து வழவழவென்று ஆகும். பச்சையைத் தூக்கினால் தழும்பும் புள்ளியும் அழுத்தமாகும். ஃபிலிம் காலத்தில் ஃபில்டர் போட்டுச் செய்த வேலைதான். நான் பச்சைப் பக்கம் நின்றேன், அளவோடு. மிஞ்சினால் முகம் சுரண்டிய சுவர் மாதிரி ஆகிவிடும்.

பிரிண்ட்டைக் கொடுத்தபோது மகள் ஒன்றும் பேசவில்லை. தழும்பு இருந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டார். சார் வாங்கினார். ஜன்னல் பக்கம் போய், சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இந்த மூலை ஸ்கொயரா இல்லையேப்பா. சரியா வெட்டிக் கொண்டா."

வெட்டிக் கொடுத்தேன். ட்ரில்லிங் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.