குளம்பின் நோயும் குருதியின் சான்றும்



வடபுலத்து நகரங்களில் வாழும் நாம், மணமகனைச் சுமந்து செல்லும் குதிரையை ஊர்வலந்தோறும் காண்கிறோம். ஊரில் ஜட்கா வண்டியேறிப் பழகிய நம் முதியோர்க்கு அக்குளம்பொலி பழைய உறவு. அக்குதிரை ஒருநாள் முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி, நகர மறுத்து நிற்குமாயின் நாம் என்ன எண்ணுகிறோம்? லாடம் பொருந்தவில்லை என்கிறோம். ஆனால் அது லாமினைட்டிஸ் என்னும் கொடுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் மெல்லிய மடிப்புகள் பிணைத்து நிற்கின்றன. அப்பிணைப்புத் தளர்ந்தால் எலும்பு இடம்பெயர்ந்து கீழ்நோக்கித் திரும்பும். தானியத்தை அளவுமீறித் தின்பதும் கடும் தொற்றும் இதற்குக் காரணமாகலாம். மற்றொரு காரணம் குருதியில் மிகும் இன்சுலின். 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலினை நீண்ட நேரம் மிகுவித்தபோது, அவற்றிற்கு இந்நோய் தோன்றிற்று.

ஆகவே குளம்பை மட்டும் பார்த்தல் போதாது. குருதியையும் பார்த்தல் வேண்டும். மனிதர்க்குரிய நீரிழிவைப் போலச் சிறுநீரில் சர்க்கரையைத் தேடி, அது இல்லையெனில் அமைதி கொள்வது பிழை. இக்குதிரைகள் பலவற்றில் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். இன்சுலின் மட்டுமே உயர்ந்திருக்கும். சர்க்கரைப் பாகை வாய்வழி ஊட்டி, ஒரு மணி நேரத்திற்குப் பின் குருதி எடுத்து இன்சுலினை அளப்பதே தக்க சோதனை. முதிய குதிரை மிகுதியாக நீர் அருந்தி மிகுதியாகச் சிறுநீர் கழிக்குமாயின், பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாற்றையறிய ஏ.சி.டி.எச். என்னும் ஊக்குநீரையும் அளப்பர். இது இலையுதிர் காலத்தில் இயல்பாகவே உயரும்; கடும் வலியும் இவ்வளவுகளை உயர்த்தும். எனவே காலமும் நிலையும் அறிந்தே முடிவு கூறுதல் தகும்.

சிறுநீர்ச் சோதனை பயனற்றதன்று. வலிதீர்க்கும் மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்; அதனைக் கண்காணிக்கச் சிறுநீரும் குருதியும் ஒருங்கே உதவும்.

இறுதியாக ஒன்று. தெருமுனைக் குதிரைக்கு அன்பினால் வெல்லக்கட்டியை நீட்டுகிறோம். இன்சுலின் மிகுந்த குதிரைக்கு அவ்வினிப்பே துன்பமாகும். குதிரை நடக்க மறுத்தால் அதனை அடித்து நடத்த வேண்டாம். மென்மையான தரையில் நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழையுங்கள் என்று உரியவரிடம் சொல்வோம். வாயில்லாச் சீவன் தன் நோயைக் கூறாது. அதன் குருதி கூறும். கேட்பது நம் கடமை.